‘ஆயா வேலைக்கா அனுப்பினோம்?’ – ஜெர்மனியிலிருந்து ஒரு நர்ஸின் பதில்கள்

நான் வள்ளியூர்ப் பக்கம். ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் டியூட்டி பார்த்துவிட்டு, 2016இல் ஜெர்மனியின் நூரன்பெர்க் நகருக்கு வந்தேன். இப்போது முதியோர் வார்டில் நர்ஸ். வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்து சேர்கிறவர்களைக் கூடவே நிறுத்திப் பழக்குவதும் என் பொறுப்பு. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நர்ஸ் பிள்ளைகளோ அவர்களைப் பெற்றவர்களோ எழுதியவை. அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

அக்கா, நான் ஜி.என்.எம். முடித்து மூன்று வருஷம் ஆகிறது. ஜெர்மனிக்கு அனுப்ப ஒரு ஏஜென்ட் ஆறரை லட்சம் கேட்கிறார். மூன்று லட்சம் முன்பணமும் ஒரிஜினல் சர்டிஃபிகேட், பாஸ்போர்ட்டும் கொடுத்தால்தான் ஃபைல் ஓபன் ஆகுமாம். ஜெர்மன் மொழியை அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம் என்கிறார். அப்பா வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கப் பார்க்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, தென்காசி

கொடுக்காதே தங்கச்சி. இந்தப் பதிலை அப்பாவிடம் படித்துக் காட்டு.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அப்படிப் பதிவு செய்தவரே உன்னிடம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அதுவும் ரசீது போட்டு. வெளியுறவு அமைச்சகத்தின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. அதில் இவர் பெயர் இல்லையென்றால் பேச்சையே வளர்க்க வேண்டாம். சென்னையில் தமிழ்நாடு அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978இலிருந்து இருக்கிறது. அங்கே பெயரைப் பதிந்து வை.

ஜெர்மனியில் நர்ஸ் தட்டுப்பாடு கடுமையாக இருக்கிறது. ஆள் தேவைப்படுகிற ஆஸ்பத்திரியே செலவை ஏற்றுக்கொள்ள வேண்டும், நர்ஸிடம் வாங்கக் கூடாது என்பதுதான் அங்கே சரியான முறை. அப்படி நடந்துகொள்ளும் நிறுவனங்களுக்கு ‘நியாயமான ஆள்சேர்ப்பு’ என்ற அரசு முத்திரைகூட உண்டு. நம் ஊரில் ஒருவர் ஆறரை லட்சம் கேட்கிறார் என்றால் அங்கேயும் வாங்குகிறார், இங்கேயும் வாங்குகிறார் என்று சந்தேகப்பட வேண்டும்.

பாஸ்போர்ட்டை யாரிடமும் விட்டு வைக்காதே. சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து, ஏஜென்ட் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த உரிமையும் இல்லை. சர்டிஃபிகேட்டுக்கும் இதேதான். நோட்டரி கையெழுத்திட்ட நகல் கொடு. ஒரிஜினலைக் காட்டு, திரும்ப வாங்கிப் பைக்குள் வை.

அவர் சொன்னதில் என்னை ரொம்பவும் கோபப்படுத்தியது ‘அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம்’ என்பதுதான். மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2 என்று படிப்படியாக அளப்பார்கள். நர்ஸாகப் பதிவு பெற பி2 நிலை வேண்டும். அதை வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு படிப்பது வேறு. இரவு டியூட்டி முடிந்து, ஊர் ஞாபகத்தோடு, வார்டில் பாதிப் பேச்சு புரியாமல் அவமானப்பட்டு வந்து உட்கார்ந்து படிப்பது வேறு. நானே 2014இல் ஒருவரிடம் ஒன்றரை லட்சம் கட்டினேன். ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் நாற்பது பேரை உட்கார வைத்து மூன்று மாதம் ஏ1 நடத்தினார்கள். அப்புறம் போனே எடுக்கவில்லை. அம்மாவின் வளையல் அது.

ஆகவே முதலில் நல்ல இடத்தில் பி1 வரையாவது முடி. அதற்குப் பிறகு வேலை தேடினால் ஆஸ்பத்திரிகள் உன்னிடம் நேராகப் பேசும், நீயும் அவர்களிடம் நேராகப் பேசலாம். கான்ட்ராக்ட் கையில் வந்ததும் ‘ரூக்ட்ஸாலுங்’ என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடு. திருப்பிச் செலுத்துதல் என்று அர்த்தம். இத்தனை வருஷத்துக்குள் வேலையை விட்டால் இத்தனை ஆயிரம் யூரோ கட்ட வேண்டும் என்ற ஷரத்து அங்கேதான் ஒளிந்திருக்கும். மொழி தெரிந்தால் அது உன் கண்ணில் படும்.

சிஸ்டர், எனக்கு வயது 34. கோயத்தே நிறுவனத்தின் பி2 ஜெர்மன் தேர்வில் வாசிப்பு, கேட்டல், எழுத்து மூன்றும் பாஸ். பேச்சில் மட்டும் இரண்டு தடவை போய்விட்டது. வாயைத் திறந்தால் எல்லாம் மறந்துபோகிறது. வயசாகிவிட்டதா?
– வாசகி, மணப்பாறை

வயசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூன்று பாஸ் ஆனது கையில் இருக்கிறது. அந்தத் தேர்வில் நான்கு பகுதிகளும் தனித்தனி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுத்தால் போதும், போனதை மட்டும் திரும்ப எழுதலாம். பேச்சுத் தேர்வு பதினைந்து நிமிஷம்தான். ஒரு தலைப்பில் சிறிய உரை, அப்புறம் கூட இருப்பவரோடு ஒரு விவாதம்.

நீங்கள் மனசுக்குள் தமிழில் நினைத்து, இங்கிலீஷில் மாற்றி, அதிலிருந்து ஜெர்மனுக்குப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் அப்படித்தான் செய்தேன், எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். நடுவில் இருக்கும் இங்கிலீஷைத் தூக்கிவிடுங்கள். ‘அவர் இன்று ஒன்றும் சாப்பிடவில்லை என்று’ என நாம் வினையைக் கடைசியில் வைக்கிறோம் இல்லையா? ஜெர்மனில் ‘தஸ்’, ‘வைல்’ போன்ற சொற்களுக்குப் பிறகு வரும் வாக்கியத்திலும் வினை கடைசியில்தான் உட்காரும். ‘வைல் இஃ ம்யூதெ பின்’ – ‘ஏனென்றால் நான் சோர்வாக இருக்கிறேன்’. இங்கிலீஷ்காரர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார். நமக்கு இது வீட்டு வழக்கம். இது தெரிந்த அன்றைக்கு எனக்குப் பெரிய பூட்டு ஒன்று திறந்த மாதிரி இருந்தது.

தினமும் டியூட்டி முடிந்து ஒரே ஒரு நோயாளியைப் பற்றி நாலு நிமிஷம் ஜெர்மனில் செல்போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். என்ன நோய், ராத்திரி எப்படித் தூங்கினார், என்ன மாத்திரை, எதற்காகக் கவலைப்படுகிறார். பேர் வேண்டாம். மறுநாள் அதையே கேட்டுத் திருத்திப் பேசுங்கள். தேர்வுக்கும் ஆகும், அங்கே போனதும் ஷிப்ட் மாறும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைத்துப் பேசும் ‘யூபர்காபே’க்கும் ஆகும்.

அதோடு ஒன்று. பி2 பாஸ் ஆனாலும் முதல் வாரம் ஒன்றும் புரியாது. அதற்குத் தயாராக வாருங்கள். எங்கள் ஊர் ஃப்ராங்கன் பகுதி, பேச்சு வழக்கே தனி. முதல் வாரம் ஒரு தாத்தாவிடம் வலி இருக்கிறதா என்று கேட்டேன். ‘பஸ்ட் ஷோ’ என்றார். ‘பரவாயில்லை, சரிதான்’ என்று அர்த்தம். சரி என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். எனக்குப் பின்னால் வந்த சீனியர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சைபரிலிருந்து பத்துவரை எண்ணில் சொல்லுங்கள் என்று கேட்டார். எட்டு என்றார். இந்தப் பகுதி ஆட்களுக்குச் சாப்பாடு பிரமாதமாக இருந்தாலும் ‘பஸ்ட் ஷோ’, இடுப்பெலும்பு உடைந்திருந்தாலும் ‘பஸ்ட் ஷோ’. நம் ஊரில் ‘ஒண்ணும் இல்லம்மா, லேசா’ என்று சொல்லிப் பல்லைக் கடித்துக்கொள்கிற தாத்தாக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவரேதான் இவர்.

என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும். கல்யாணத்துக்குப் பிறகு நர்சிங் கவுன்சில் பதிவில் கணவர் இனிஷியல். இதனால் பிரச்சினை வருமா?
– வாசகி, அரியலூர்

வரும். எங்களில் நிறையப் பேருக்கு வந்தது. இனிஷியல் என்றால் என்ன என்றே அங்குள்ள அதிகாரிக்குத் தெரியாது. மூன்று காகிதத்தில் மூன்று பெயர் இருந்தால் மூன்று ஆள் என்றுதான் நினைப்பார். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். கவுன்சில் பதிவை அதற்கு ஏற்றபடி மாற்ற இப்போதே விண்ணப்பியுங்கள், மாதக்கணக்கில் ஆகலாம். பழைய மார்க் ஷீட்டுகளுக்கு, இவை எல்லாம் ஒரே நபரின் பெயர்கள் என்று நோட்டரி பிரமாணப் பத்திரம் எடுத்து, மொழிபெயர்ப்போடு வையுங்கள்.

அப்படியே உங்கள் நர்சிங் பள்ளியிலிருந்து, எந்தப் பாடம் எத்தனை மணி நேரம், எந்த வார்டில் எத்தனை மணி நேரம் என்று விவரமாக எழுதிய டிரான்ஸ்கிரிப்ட்டும் வாங்கிவிடுங்கள். ‘மூன்று வருஷம் படித்தார்’ என்று ஒரு வரிச் சான்றிதழ் போதாது. ஜெர்மன் நர்சிங் படிப்பில் 2,100 மணி நேரம் வகுப்பு, 2,500 மணி நேரம் வார்டு. உங்களுடையதை அதோடு வரிக்கு வரி ஒப்பிட்டுத்தான் எது குறைகிறது என்று எழுதித் தருவார்கள்.

நான் மெக்கானிக்கல் இன்ஜினியர், வயது 38, ஆட்டோமொபைல் கம்பெனியில் 15 வருஷ அனுபவம். இரண்டு குழந்தைகள். வேலையை விட்டுவிட்டு ‘வாய்ப்பு அட்டை’ வாங்கி ஜெர்மனி போய் வேலை தேடலாமா?
– வாசகர், ஓசூர்

வேலையை விடாதீர்கள் அண்ணா. 2024 ஜூனில் வந்த இந்த அட்டை ஒரு வருஷம் அங்கே தங்கி வேலை தேட அனுமதி தரும், அவ்வளவுதான். அந்த ஒரு வருஷத்துக்கு மாதம் 1,091 யூரோ வீதம் 13,000 யூரோவுக்கு மேல் கணக்கில் முடக்கிக் காட்ட வேண்டும் (2025 கணக்கு). வேலை தேடும்போது வாரம் 20 மணி நேரம் வரை ஏதாவது வேலை செய்யலாம். அதை வைத்துக்கொண்டு ஓசூரில் ஒரு குடும்பத்தையும் நடத்துவது என்றால் நெஞ்சு பாரமாகிவிடும். கல்யாணம் ஆகாத இருபத்தைந்து வயசுப் பையன் என்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

நீங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே வேலை தேடி, அங்கே வேலை கிடைத்த பட்டதாரிகளுக்குத் தரும் ‘ப்ளூ கார்டு’ என்ற குடியிருப்பு அனுமதிக்கு முயலுங்கள். 2025இல் அதற்கு ஆண்டுச் சம்பளம் 48,300 யூரோ இருக்க வேண்டியிருந்தது, ஆள் தட்டுப்பாடு உள்ள தொழில்களுக்கு சுமார் 43,760. இன்ஜினியரிங் அந்தத் தட்டுப்பாட்டுப் பட்டியலில் உண்டு. இந்த வரம்பு வருஷத்துக்கு வருஷம் கூடும். வெளிநாட்டுக் கல்லூரிகளை ஜெர்மனி பட்டியலிட்டிருக்கும் ‘அனாபின்’ தளத்தில் உங்கள் கல்லூரி எச்-பிளஸ், அதாவது அங்கீகரிக்கப்பட்டது என்று இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் 208 யூரோ கட்டிப் பட்டத்துக்கு மதிப்பீட்டுச் சான்று வாங்கலாம். ப்ளூ கார்டில் போனவர் பி1 ஜெர்மன் படித்துவிட்டால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு, ஏ1 மட்டும் என்றால் 27 மாதம். இங்கேயும் மொழிதான் ஆறு மாதத்தை மிச்சப்படுத்துகிறது.

மனைவிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மாதம் 2,800 யூரோ என்று கான்ட்ராக்ட் வந்திருக்கிறது. கையில் எவ்வளவு வரும்? நான்கு வயசுப் பையனை எப்போது கூட்டிப்போகலாம்?
– வாசகர், விருதுநகர்

2,800 என்பது ‘ப்ரூட்டோ’, பிடித்தங்களுக்கு முன். ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், அப்புறம் மருத்துவக் காப்பீடு, பராமரிப்புக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு, வரி எல்லாம் போய்க் கையில் 1,900-2,000 வரும். பணியாளர் விடுதியில் அறை என்றால் முதல் வருஷம் தாக்குப் பிடிக்கலாம், ஊருக்கும் கொஞ்சம் அனுப்பலாம். பதிவு கிடைத்து முழு நர்ஸ் ஆனதும் சம்பளம் ஏறும். இரவு, ஞாயிறு டியூட்டிக்கான கூடுதல் தொகைக்கு ஒரு வரம்பு வரை வரி கிடையாது.

பையனை, அந்தப் பதிவுக்கான தகுதித் தேர்வை உங்கள் மனைவி முடித்த பிறகு கூட்டிப்போங்கள். தனியாளாக மூன்று ஷிப்ட்டும் பார்த்து, படித்து, வீடு தேடி, நான்கு வயசுப் பிள்ளையையும் கவனிக்க முடியாது. வீட்டு முன்பணமே மூன்று மாத வாடகை வரை கேட்பார்கள். நீங்கள் இந்த இடைவெளியில் ஏ1 முடித்து ஏ2வும் படித்துவிடுங்கள். பையனைக் கிண்டர்கார்ட்டனில் விடும்போது டீச்சரிடம் பேச வேண்டியது நீங்களாகத்தான் இருக்கும்.

என் மகள் பி.எஸ்சி. நர்சிங். மதுரையில் நான்கு வருஷம் ஐ.சி.யு.வில் வென்டிலேட்டர் பார்த்தவள். ஜெர்மனி போய் எட்டு மாதம் ஆகிறது. போனில் அழுகிறாள். வயசானவர்களைக் குளிப்பாட்டுவது, மலம் துடைப்பது, சோறு ஊட்டுவது, இதுதான் வேலையாம். ஊசி போடக்கூட விடுவதில்லையாம். கடன் வாங்கி ஆயா வேலைக்கா அனுப்பினோம்? திரும்பி வரச் சொல்லிவிடலாமா?
– ஒரு தாய், தூத்துக்குடி

அம்மா, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் அம்மாவிடம் நானும் இதையேதான் சொல்லி அழுதேன்.

நம் ஊர் வார்டை நினைத்துப் பாருங்கள். நோயாளியின் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்து அவருடைய மகளோ மருமகளோ படுத்திருப்பார். துடைப்பது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவர்கள் கை. மிச்சத்தை ஆயாம்மா பார்ப்பார். நர்ஸ் வருவது மருந்துக்கும் ஊசிக்கும் ஃபைலுக்கும். ஜெர்மனியில் சொந்தக்காரர்கள் பூ வாங்கிக்கொண்டு வருவார்கள், ஒரு மணி நேரம் பேசுவார்கள், போய்விடுவார்கள். அந்த உடம்பு முழுக்க நர்ஸின் பொறுப்பு. பல வார்டுகளில் ரத்தம் எடுப்பதும் நரம்பில் ஊசி ஏற்றுவதும் டாக்டரின் வேலை. அதனால் உங்கள் மகளைத் தாழ்த்தி இந்த வேலையில் போடவில்லை. அங்கே பிறந்து வளர்ந்து மூன்று வருஷம் படித்த நர்ஸும் காலை ஆறே காலுக்கு அதே வெந்நீர்ப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டுதான் போகிறார்.

அந்த வெந்நீர்ப் பாத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். என்னைப் பழக்கிய சீனியர் ஒரு பாட்டியைத் துடைப்பதை முதல் நாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். தண்ணீர் சூடு போதுமா என்று பாட்டியின் கையை நனைத்துக் கேட்டார். முகத்துக்கு சோப்பு வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டார். துணியைப் பாட்டியின் கையிலேயே கொடுத்து, முகத்தை அவரே துடைக்கவிட்டுக் காத்திருந்தார். நானாக இருந்தால் அரை நிமிஷத்தில் துடைத்துவிட்டிருப்பேன். அவர் மூன்று நிமிஷம் நின்றார். அந்த மூன்று நிமிஷத்தில், பாட்டியின் இடது கை நேற்றைவிட மேலே போகவில்லை என்பதைக் கவனித்தார். பின்பு ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகின் அடியில் சிவந்திருந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்தின இடம் வெளுக்கவில்லை. ‘இது படுக்கைப் புண்ணின் முதல் படி, இன்றைக்குப் பிடித்துவிட்டோம்’ என்றார். வெளியே வந்து டாக்டருக்குக் கையைப் பற்றிச் சொன்னார், புரட்டிப் படுக்க வைக்கும் நேரத்தை மாற்றி எழுதினார். ஐ.சி.யு.வில் மானிட்டர் சொல்வதை இங்கே துடைக்கிற துணி சொல்கிறது அம்மா. உங்கள் மகள் மானிட்டரைப் படிக்கத் தெரிந்தவள், இதையும் சீக்கிரம் படித்துவிடுவாள்.

இன்னொன்று, என் தப்பு. இரண்டாவது வாரம், தடுமாறுகிற ஒரு பாட்டி ராத்திரி விழுந்துவிடக் கூடாதே என்று கட்டிலின் இரண்டு பக்கக் கம்பியையும் ஏற்றிவிட்டுப் போனேன். நம் ஊரில் அது அக்கறை. காலையில் என்னை உட்கார வைத்து விளக்கினார்கள். ஒருவரை அவர் சம்மதம் இல்லாமல் கட்டிலில் அடைப்பது அவருடைய சுதந்திரத்தைப் பறிப்பது, தொடர்ந்து அப்படிச் செய்ய வேண்டுமானால் நீதிபதியின் அனுமதி வேண்டும். எண்பத்தொன்பது வயசுப் பாட்டியின் கட்டில் கம்பிக்கு நீதிமன்றம்! அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டிலைத் தரையோடு தரையாக இறக்கி, பக்கத்தில் மெத்தை விரித்து வைத்தோம். பாட்டி ராத்திரி இரண்டு தடவை எழுந்தார், விழவில்லை.

‘ஆயா வேலை’ என்ற சொல்லையும் கொஞ்சம் யோசியுங்கள் அம்மா. நாகர்கோவிலில் என்னோடு வேலை பார்த்த ஆயாம்மாதான், நோயாளியின் கால் வீங்கியிருக்கிறது என்று எனக்கு முன்னால் கண்டுபிடிப்பார். அவருக்கு நாங்கள் உட்கார நாற்காலிகூடக் கொடுத்ததில்லை. அது இப்போதும் எனக்கு வலிக்கிறது.

இனி, திரும்பி வரலாமா என்ற கேள்வி. உங்கள் மகளிடம் மூன்று விஷயம் கேளுங்கள். நர்ஸாகப் பதிவு பெறுவதற்கான தகுதித் தேர்வுக்கோ, அதற்குப் பதிலான பயிற்சிக் காலத்துக்கோ தேதி குறித்துவிட்டார்களா? பார்க்கிற மணி நேரத்துக்கெல்லாம் சம்பளம் வருகிறதா? பாஸ்போர்ட் அவள் கையில் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் வரச் சொல்ல வேண்டாம். பதிவு கிடைக்கும்வரை சட்டப்படி அவள் உதவியாளர், அதனால்தான் பல வேலைகளைத் தர மாட்டார்கள். பதிவு கிடைத்ததும் அவளே நர்ஸ். 2020 ஜனவரியில் வந்த சட்டப்படி, ஒரு நோயாளிக்கு என்ன பராமரிப்பு தேவை என்று முடிவு செய்து திட்டமிடுவது நர்ஸுக்கு மட்டுமே உரிய வேலை. அதை வேறு யாரிடமும் ஒப்படைக்க முடியாது. தேர்வில் வாய்மொழிப் பகுதி 45 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம், அப்புறம் வார்டில் நிஜ நோயாளிகளோடு செய்முறை. போனால் ஒரு தடவை திரும்ப எழுதலாம். அந்தச் செய்முறையில் அவளைச் செய்யச் சொல்வதில் இதே துடைத்தலும் இருக்கும்.

மூன்றில் ஒன்றுக்கு இல்லை என்று சொன்னால் விஷயம் வேறு. எட்டு மாதமாகத் தேர்வுப் பேச்சே இல்லாமல் உதவியாளர் சம்பளத்தில் ஓட்டுகிறார்கள் என்றால் அது அநியாயம், பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. அங்கே ‘ஃபேர் இன்டெக்ராட்ஸியோன்’ என்று, வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு இலவசமாகச் சட்ட ஆலோசனை தரும் மையங்கள் நாடு முழுக்க இருக்கின்றன. கான்ட்ராக்ட்டை எடுத்துக்கொண்டு அங்கே போகச் சொல்லுங்கள். பதிவு பெறுவதற்காக அங்கே தங்கும் அனுமதிக் காலம் முதலில் 24 மாதம், மேலும் 12 மாதம் நீட்டிக்கலாம், வேலை மாறவும் வழி உண்டு. ஊருக்குத் திரும்புவதற்கு முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

எட்டாவது மாதம் நவம்பர், டிசம்பரில் வந்து விழுந்தால் அது இன்னும் கஷ்டம். நாலரை மணிக்கே இருட்டிவிடும், ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் பூட்டியிருக்கும், தெருவில் ஒரு சத்தம் இருக்காது. அந்த ஞாயிறுகளில் போன் போடுங்கள். சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகு, அவள் கவனிக்கிற பாட்டிகளில் ஒருவரைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். அவருக்கு எத்தனை பிள்ளைகள், என்ன பிடிக்கும், காலையில் முகத்துக்கு சோப்பு போடுவாரா மாட்டாரா என்று கேளுங்கள். மகள் பதில் சொல்லட்டும், நீங்கள் நிதானமாகக் கேளுங்கள்.